தற்காலிகமாக வெளியே போயிருப்பவர்

என் மாமியாருக்கு வயது எண்பத்தொன்று. முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரித் தையல் அறையில் வேலை பார்த்தவர். கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் போன நோயாளிச் சட்டை, நாடா அறுந்த முகமூடி எல்லாம் மூட்டை மூட்டையாக அவர் மேசைக்கு வரும். சாயங்காலத்துக்குள் தைத்து அடுக்கிவிட்டு, கத்தரிக்கோலை எண்ணிப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. இன்னும் எங்கள் வீட்டில் ஒரு சட்டை பொத்தானில்லாமல் கொடியில் தொங்க முடியாது.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது என்று சொன்னால் அது பொய். நான் குழாய் வேலை செய்கிறவன். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "சாக்கடைக்குள்ள கையை விடுறவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டவர் அவர். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனாலும் 'மாப்ள' என்பதும் 'வாங்க போங்க' என்பதும் ஒரு நாளும் குறைந்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஒரு படி ஏறும்.

போன வருடம் ஒரு காலையில் என் பட்டறைக்கு வந்து நின்றார். கையில் பத்திரிகையிலிருந்து நேர்கோடாக வெட்டிய ஒரு துண்டுத் தாள். எழுபது வருடத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

"மாப்ள, வண்டி நாளைக்குச் சும்மாதானே நிக்குது?"

"என் வண்டி எப்ப அத்தை சும்மா நின்னுச்சு?"

"அப்ப நிறுத்துங்க. ஆவணக் காப்பகத்துக்குப் போகணும். எங்க அப்பாவைத் தேடணும்."

அவருடைய அப்பா ஓடிப்போனவர். இது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. காகித ஆலையில் கொதிகலன் பார்த்தவர். அத்தைக்கு ஏழு வயது, அவர் தங்கைக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் பகலில் துணிப்பையோடு கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. பெண்டாட்டி வாய்க்குப் பயந்து ஓடினார் என்பது ஊர்ப் பேச்சு. வாய்க்காரி என்றால் அந்தக் குடியிருப்பில் ஒரே ஆளைத்தான் குறிக்கும், அத்தையின் அம்மாவை. நான் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் வண்டியில் பாதி வழி போனதும் அத்தை சாலையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இதை உங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லக் கூடாது. என் தங்கச்சிகிட்டயும் சொல்லக் கூடாது. நீங்க வெளியாளு. ரத்தமில்ல. அதான் உங்ககிட்டச் சொல்றேன்."

"ரொம்ப சந்தோஷம் அத்தை," என்றேன்.

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க. எங்க அப்பா எங்க அம்மா வாயால போகல. என் வாயால போனாரு."

நடந்தது இதுதான். ஆலையில் ஒரு ஆள் கொதிநீர்க் குழாய் வெடித்து வெந்து செத்துப்போனான். அதற்கு நியாயம் கேட்டு ஆட்கள் கூட்டம் போட்டார்கள். வேலை நேரத்தில் கூட்டம். அப்பா காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மேஸ்திரி வீடு வீடாக வந்தான். வாசலில் அத்தை விளையாடிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்குக் காய்ச்சல் எப்படியிருக்கு பாப்பா?" என்று கேட்டான். "அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லையே, கூட்டத்துல பேசப் போயிருக்காரு" என்றாராம் அத்தை. பெருமையாகச் சொன்னாராம். இரண்டாம் நாள் அப்பாவுக்கு வேலை போனது. பத்தாம் நாள் அத்தை பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் ஆள் கிளம்பிவிட்டார்.

"என்னைத் திட்டவே இல்ல மாப்ள. அந்தப் பத்து நாளும் ஒரு வார்த்தை சொல்லல. என் மேல கோவத்துல போனாரா, என்னான்னே தெரியல. எனக்கு அது தெரியணும். அவ்ளோதான். நான் செத்த பிறகு தெரிஞ்சு என்ன பண்ண?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கியர் மாற்றினேன்.

காப்பகத்தில் வாசிப்பு அறைக்குள் பென்சில் தவிர ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. அங்கே இருந்த அலுவலர் அம்மாள், தடிமனான கண்ணாடி போட்டவர், என் கையைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வரச் சொன்னார். முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு அடைப்பை எடுத்த கை, அவர்கள் சோப்புக்கெல்லாம் மசியுமா? மூன்றாம் தடவை வெறுத்துப்போய், "சரி, நீங்க தொடாதீங்க, அம்மா தொடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கணக்கெடுப்புத் தாள்களைப் படம் பிடித்துச் சுருள் சுருளாக வைத்திருக்கிறார்கள். சுருளை ஒரு பெட்டியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் திரையில் பக்கம் பக்கமாக ஓடும். பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும் வசதி இன்னும் வரவில்லை. ஊர், தெரு, வீட்டு எண், இந்த வரிசையில்தான் தேட வேண்டும். அதாவது ஓடிப்போனவர் எங்கே போனார் என்று முன்பே தெரிந்தால்தான் எங்கே போனார் என்று கண்டுபிடிக்க முடியும். நல்ல வேலை.

அதனால் சொந்தபந்தம் முழுக்கக் கேட்டோம். அத்தையின் அத்தை மகன் ஒருவர் தொண்ணூறு வயதில் இருந்தார். உன் அப்பா கரும்பாலைக்குப் போனான் என்று சத்தியம் செய்தார். அவர் மனைவி அவரை முறைத்து, "அது உங்க மச்சான். இவங்க அப்பா ரயில்வேக்குப் போனாரு" என்றார். ஒன்றுவிட்ட சித்தப்பா மகள் ஒருத்தி, இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு பெரிய நகரத்தில் நன்றாக இருந்தார் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, "வருத்தப்படாதீங்கக்கா" என்றாள். அத்தை தொலைபேசியை வைத்துவிட்டு, "இவ பொறந்ததே அப்பா போயி பதினஞ்சு வருஷம் கழிச்சு. கண்ணால கண்டாளாம்" என்றார்.

மூன்று தடவை போனோம். கரும்பாலை ஊர், ரயில்வே குடியிருப்பு, பெரிய நகரத்தின் நாலு பேட்டைகள். கைப்பிடியை நான் சுற்றுவேன், அத்தை படிப்பார். ஆஸ்பத்திரித் துணியில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்த கண் அது. ஒரு வரி விடமாட்டார். சாயங்காலம் வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். வண்டியில் ஏறியதும், "அந்தப் பேட்டையில இன்னும் ரெண்டு தெரு பாக்கி" என்பார்.

நான்காவது தடவை அந்த அலுவலர் அம்மாளே எங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க சொந்த வீட்டுப் பக்கத்தைப் பாத்தீங்களா?"

"அங்க எதுக்குங்க? அவர் அங்க இல்ல. கணக்கெடுக்க வந்தப்ப எனக்குப் பத்து வயசு. அவர் போயி மூணு வருஷம். எனக்குத் தெரியாதா?"

"இருக்கிறவங்க மட்டும்தான் அந்தப் பக்கத்துல இருப்பாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

எனக்குச் சுருக்கென்றது. ஒழுகுகிற இடத்தைத் தேடி மாடி முழுக்க உடைத்துவிட்டு, கடைசியில் தலைக்கு நேர் மேலே இருக்கிற திருகில் ஒழுகுவதைப் பார்க்கிற அனுபவம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

சுருள் வந்தது. ஆலைக் குடியிருப்பு, வரிசையாக இருபத்துநாலு வீடு. பதினேழாம் எண் வீட்டில் நிறுத்தினேன்.

நாலு வரி இருந்தது. முதல் வரியில் குடும்பத் தலைவர், ஆண், முப்பத்தேழு வயது, கொதிகலன் வேலை. அத்தையின் அப்பா பெயர். இரண்டாம் வரியில் மனைவி, முப்பத்தொன்று, கந்தல் பிரிப்பவர். மூன்றாவது, மகள், பத்து, பள்ளி. நான்காவது, மகள், ஆறு. முதல் வரியில் 'கணக்கெடுப்பு நாளில் வீட்டில்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அந்த வரியிலேயே வலது ஓரத்தில் ஒரு கட்டம். மற்ற வீடுகளில் அநேகமாக எல்லோருக்கும் காலியாக இருந்த கட்டம். தலைப்பு: தற்காலிகமாக வெளியே போயிருப்பவர் தற்போது தங்கியுள்ள இடம். அதில் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு துறைமுக ஊரின் பெயரும், தெருவும், ஒரு தங்கும் விடுதியும் எழுதியிருந்தது.

அத்தை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தெரிஞ்சிருக்கு," என்றார். "எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு மாப்ள."

வாசிப்பு அறையில் தண்ணீர் குடிக்கக் கூடாது. வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

"தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னல்ல உக்காருவேன். மூணு வருஷம். பாத்துக்கிட்டே இருந்தா அவ. ஒரு வார்த்தை சொல்லல. மேனேஜர் வீட்டு வாசல்ல எங்க ரெண்டு பேரையும் கையில புடிச்சுக்கிட்டு நின்னு, 'அந்த ஆளு எங்களை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டான்யா'ன்னு ஊரே கேக்கற மாதிரி அழுதா. நான் நம்பினேன். பக்கத்துல நின்னவ நான், எனக்கே..."

அங்கே நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது. அவர் மண்டைக்குள் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

ஆலையில் ஒரு சட்டம் இருந்ததாம். வேலையிலிருந்து நீக்கிய ஆளின் குடும்பம் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கொஞ்சம் பொறுங்கள் என்றெல்லாம் யாரும் கேட்க முடியாது. ஆனால் புருஷன் கைவிட்ட பெண்களுக்குக் கந்தல் கொட்டகையில் வேலை உண்டு. காகிதக் கூழுக்கு வரும் பழந்துணியில் பொத்தான், கொக்கி, தையல் எல்லாம் அறுத்துத் தள்ளுகிற வேலை. அந்த வேலை கிடைத்தால் வீடும் அந்தப் பெண் பெயரில் இருக்கும். மேனேஜர் வாசலில் அழுத மறு வாரம் அத்தையின் அம்மா கந்தல் கொட்டகைக்குப் போனார். வீடு போகவில்லை.

"நீக்கின ஆளோட பொண்டாட்டின்னா வீடு இல்ல. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா வீடு உண்டு," என்றார் அத்தை. "பேசி வச்சுக்கிட்டுத்தான் செஞ்சிருக்காங்க ரெண்டு பேரும்."

உள்ளே போய் அலுவலர் அம்மாளிடம் கேட்டேன், ஊருக்கெல்லாம் பொய் சொன்ன பெண் சர்க்கார் தாளில் மட்டும் ஏன் உண்மையைச் சொன்னாள் என்று. அவர் சுருளை ஓட்டித் தாளின் அடியைக் காட்டினார். பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: இதில் கூறப்படுபவை எழுபது ஆண்டுகளுக்கு எவருக்கும் காட்டப்படமாட்டா, காவல் துறைக்கும் இல்லை, வேலை கொடுப்போருக்கும் இல்லை.

"கணக்கெடுக்க வந்தவங்க இதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும்னு விதி. பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள்தான் வருவாங்க," என்றார். "அக்கம்பக்கத்துக்கு ஒரு கதையும் இந்தத் தாளுக்கு ஒரு கதையும் சொன்ன வீடுங்க நெறைய இருக்குங்க. எங்கயாவது ஒரு இடத்துல சொல்லித் தொலைக்கணும்னு இருக்கும்ல."

துறைமுக ஊரின் சுருள் வேறு கிளையிலிருந்து வர இரண்டு வாரம் ஆனது. அந்த விடுதியில் பதினொரு ஆண்கள். அப்பா பெயர் அதில் இல்லை. நான் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஏமாத்தம்தான் அத்தை" என்றேன்.

"ஒவ்வொரு பேரா சத்தமாப் படிங்க."

படித்தேன். ஒன்பதாவது பெயரில் என் கையைப் பிடித்தார்.

"அது எங்க பெரியப்பா. அப்பாவோட அண்ணன்."

"அப்ப இவர் அண்ணன்கூடப் போய்த் தங்கியிருக்காரா?"

"மாப்ள, பெரியப்பா அப்பவே செத்து நாலு வருஷம்."

ஒன்பதாம் வரியை மறுபடி படித்தோம். பெயர் செத்துப்போன பெரியப்பாவுடையது. அவர் இருந்திருந்தால் வயது நாற்பத்திரண்டு, தாளில் முப்பத்தேழு. அவர் தச்சு வேலைக்காரர்; தாளில் கொதிகலன் வேலை. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. தாளில், திருமணமானவர், குழந்தைகள் இரண்டு.

"பேரை மட்டும் மாத்திட்டு மத்ததெல்லாம் சொந்தமாச் சொல்லியிருக்காரு," என்றேன். "பொய் சொல்லவே தெரியாத மனுஷன்."

அத்தை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். நீக்கப்பட்டவர்களின் பட்டியலை அந்தக் காலத்தில் ஆலைக்கு ஆலை அனுப்புவார்களாம். சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கும் வேலை கிடைத்திருக்காது என்றார் அலுவலர் அம்மாள். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அன்று திரும்புவதற்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். ஆலைக் குடியிருப்புச் சுருளை மறுபடி மாட்டச் சொன்னேன். 'இந்த வீட்டில் குடியேறி எத்தனை ஆண்டு' என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்றாம் எண் வீட்டிலிருந்து இருபத்துநாலு வரை அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பதின்மூன்று வீட்டில் '3' என்று இருந்தது.

"பாருங்க அத்தை. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரே நேரத்துல பதிமூணு வீடு காலியாகிப் புதுசா ஆள் வந்திருக்கு. பதிமூணு வீட்டு வாசல்லயும் ஏழு வயசுப் பொண்ணு நின்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிச்சா? கூட்டத்துல யார் யாரு இருந்தாங்கன்னு அவனுக்குத் தெரியும். உங்க வீட்டுக்கு வந்தது சும்மா, விசாரிச்சேன்னு எழுதிக்க."

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் நம்பர்ல ரெட்டைப் பிள்ளைங்க இருந்தாங்க," என்றார். "திடீர்னு காணாமப் போச்சுங்க. ஊருக்குப் போயிட்டாங்கன்னு அம்மா சொன்னா."

"அப்புறம் என்ன? கணக்கு தீந்துச்சு."

"உங்களுக்குத் தீந்துச்சு. நான் சொன்னது சொன்னதுதானே. சரி, அது கூடப் போகட்டும் மாப்ள. ஊரு பூரா எங்க அம்மாவை வாயால புருஷனை வெரட்டினவன்னு சொல்லிச்சு. என் தங்கச்சி அவ மூஞ்சிக்கு நேராச் சொன்னா. அப்பல்லாம் நான் பக்கத்துலதான் இருந்தேன். 'இல்ல, நான்தான் காரணம்'னு ஒரு நாளும் வாயைத் தொறக்கல. பயம். அதுக்கு எந்தக் கட்டத்துல பதில் இருக்கு?"

கைப்பிடியைச் சுற்றிச் சுருளை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வந்தோம்.

துறைமுக ஊர் நகராட்சிக்கு, பெரியப்பா பெயரைப் போட்டு எழுதினோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அந்தப் பெயரில், கணக்கெடுப்பு முடிந்து பதினோராம் மாதம் ஒருவர் நுரையீரல் சுரத்தில் இறந்திருக்கிறார். இறந்தவர் உண்மையில் வேறொருவர் என்றால் பதிவைத் திருத்தலாம். ஆதாரத்தோடு, உயிரோடிருக்கும் பிள்ளைகள் அனைவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

அனைவரும் என்றால் இரண்டு பேர். அத்தை, அவர் தங்கை. என் சின்ன அத்தை.

சின்ன அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. எழுபத்தேழு வயது, இரண்டு தெரு தள்ளி வீடு, மனதில் பட்டதை மூக்குக்கு நேராகச் சொல்வார். தன் அம்மாவை இன்றுவரை 'அந்த வாய்க்காரி' என்றுதான் சொல்வார். அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் போய்ப் பார்க்கவில்லை. "எங்கப்பனை என்கிட்டயிருந்து பிடுங்கினவ" என்பது அவர் நியாயம்.

"மேஸ்திரி விஷயத்தைச் சொல்லணும்னு அவசியமில்ல அத்தை," என்றேன். "காப்பகத்துல எடுத்த நகலை மட்டும் காட்டுங்க. போதும்."

"அதை மறைச்சு இதைச் சொன்னா நான் மறுபடி அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கற மாதிரி ஆயிரும்," என்றார். "நீங்க கூட வாங்க. அவ தட்டைத் தூக்கி எறிவா."

சின்ன அத்தை வீட்டுச் சமையலறைத் தொட்டிக் குழாய் ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கில் போனேன். தொட்டிக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, அடியிலிருந்த வளைகுழாயைக் கழற்றினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு சகோதரிகளின் கால்கள். அத்தையின் கால் அசையவில்லை. சின்ன அத்தையின் கால் அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தது. அத்தை நகலைப் படித்துக்காட்டத் தொடங்கியதும் நின்றது.

அத்தை எல்லாவற்றையும் சொன்னார். மேஸ்திரி, கூட்டம், வேலை போனது, மேனேஜர் வாசல், துறைமுக ஊர், பெரியப்பா பெயர். சொல்லி முடிக்கிறவரை தங்கை குறுக்கே பேசவில்லை. அவர் வாழ்நாளில் அது முதல் தடவையாக இருக்கும்.

"ஓடலையா அப்ப?"

"ஓடல. அனுப்பி வச்சிருக்கா."

"கந்தல் கொட்டகையிலேர்ந்து வந்து கை கழுவறதுக்குள்ள கேப்பேன். 'எங்கப்பாவை ஏன்டி வெரட்டினே'ன்னு. 'டி' போட்டுத்தான் கேப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல அவ?"

"சொன்னா நீ குடியிருப்பு பூரா போய்ச் சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

குழாயிலிருந்து என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. நான் துடைக்கவில்லை.

"நீ பெரியவளானப்புறம்? கல்யாணமாகி, பிள்ளை பெத்து, அவ படுத்துக் கெடந்தாளே அப்ப? மேஸ்திரிகிட்ட நீ சொன்னதை அப்பவாவது எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அவளைப் போய்ப் பாத்திருப்பேன்ல?"

அத்தையின் கால் விரல்கள் தரையில் மடங்கின.

"ஏழு வயசுல நீ சொன்னதுக்கு உன்னை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அம்பது வயசுல நீ சொல்லாம இருந்தே பாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. கெளம்பு. மாப்ள, நீங்களும் கெளம்புங்க."

"இன்னும் மாட்டல சின்ன அத்தை."

"ஒழுகட்டும். போங்க."

பதினோரு நாள் அந்த வீட்டிலிருந்து பேச்சில்லை. என் வீட்டுக்காரி போய்ப் பார்த்தாள். கதவைத் திறந்து, வாளியைக் காட்டி, "உன் புருஷன் வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னாராம். அத்தை வீட்டில் இருக்கிற துணியெல்லாம் தைத்து முடித்துவிட்டு, நல்ல பொத்தானையே அறுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். நகராட்சி கொடுத்த தேதி நெருங்கியது. "நாம மட்டும் போவோம். பாக்கவாவது பாத்துட்டு வருவோம்" என்றார்.

அன்று காலை வண்டியை வெளியே எடுத்தால், தெரு முனையில் சின்ன அத்தை கைப்பையோடு நிற்கிறார். வண்டி நிற்பதற்குள் முன் கதவைத் திறந்துவிட்டார்.

"நான் முன்னாடிதான் உக்காருவேன். பின்னாடி குழாய் நாத்தம்."

அத்தை மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் பின்னால் போய், குழாய்த் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரப் பயணம். அக்கா பக்கம் தங்கை திரும்பவே இல்லை. நடுவில் ஒரு முறை, "மாப்ள, பின்னாடி இருக்கறவங்களுக்குக் காத்து வருதான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். வருகிறதாம்.

நகராட்சியில் ஒரு இளைத்த மனிதர் பழைய இறப்புப் பதிவேட்டைத் தூக்கி வந்து கவுண்டரில் விரித்தார். தாளைப் பார்க்கக் கண்ணாடி இல்லாத சின்ன அத்தை, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். அத்தை தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

சின்ன அத்தை விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். பெயர், பெரியப்பாவுடையது. வயது, தொழில், காரணம், தேதி. கடைசியில் 'தகவல் தந்தவர்' என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கே அவர் அம்மாவின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில், இறந்தவருக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு நேராக எழுதியிருந்தது: தம்பி மனைவி.

நான் அத்தையிடம் மெதுவாகப் படித்துச் சொன்னேன்.

"எங்களை ஒன்பதாம் நம்பர் வீட்டுல விட்டுட்டு ரெண்டு நாள் எங்கயோ போனா," என்றார் அத்தை. "வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கினா. மறுநாள் வேலைக்குப் போயிட்டா."

சின்ன அத்தை அந்த இரண்டு சொல்லின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். புருஷன் உடம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனுக்குத் தம்பி பெண்டாட்டி என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள். வந்த இடத்தில் பெற்ற பெண்கள் இரண்டு பேரும் அவளுக்கு என்ன வைத்திருந்தார்கள் என்று சின்ன அத்தைக்குத் தெரியும்.

"இதைத் திருத்துவீங்களா?" என்று அந்த மனிதரிடம் கேட்டார்.

"இறந்தவர் பேரு திருத்தறதுக்குத்தானேம்மா மனு போட்டிருக்கீங்க?"

"பேரு இருக்கட்டும். இந்த உறவு. அவ தம்பி பொண்டாட்டி இல்ல. பொண்டாட்டி."

"ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா அதையும் மாத்தலாம்."

மனுவின் அடியில் இடது பக்கம் அத்தை கையெழுத்துப் போட்டார். சின்ன அத்தைக்குப் படிக்க வரும், எழுத அவ்வளவு வராது. பேனாவை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, முனையில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்து, அக்காவின் கையில் வைத்தார்.

வெளியே வந்தோம். வண்டிக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கதவா அந்தக் கதவா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பின்னால் ஏறி, குழாய்த் துண்டுகளைக் காலால் தள்ளி, அத்தைக்கும் இடம் பண்ணினார்.

"உன்கிட்ட நான் இன்னும் பேசல. ஞாபகம் வச்சுக்கோ," என்றார்.

"சரி," என்றார் அத்தை.

"அஞ்சாம் நம்பர்ல ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொன்னியாமே, மாப்ள சொன்னாரு. எனக்கு ஞாபகமே இல்லையே. எப்படி இருப்பாங்க?"

வீடு வந்து சேரும்வரை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வந்தார். அத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ரேடியோவைப் போடவில்லை.